முன் மதிப்பெண் குறைந்தவர்களுக்கே பலன் அதிகமா? மூளைத் தூண்டல் தரவில் பிழை பிடிக்கும் வழி

மூளைத் தூண்டல் ஆய்வுகளின் தரவை அலசிக் கொடுப்பது என் அன்றாட வேலை. மாணவர்கள் எடுத்துவரும் வரைபடங்களில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வரும். கிடை அச்சில் தூண்டலுக்கு முந்தைய மதிப்பெண், அதாவது பேஸ்லைன். செங்குத்து அச்சில், தூண்டலுக்குப் பிறகு அந்த மதிப்பெண் எவ்வளவு கூடியது என்ற வித்தியாசம். புள்ளிகள் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரியும். நடுவே ஒரு சிவப்புக் கோடு. "சராசரியில பலன் தெரியல சார். ஆனா ஆரம்பத்துல குறைவா இருந்தவங்களுக்கு நல்லா வேலை செஞ்சிருக்கு" என்பார்கள். குரலில் ஒரு நிம்மதி இருக்கும். பல மாத உழைப்பு வீண்போகவில்லை என்ற நிம்மதி.

அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் கெடுத்தாக வேண்டியிருக்கிறது. பக்கவாதம் வந்தவர்கள், வாசிக்கத் திணறும் பிள்ளைகள், ஞாபகம் மங்கிவரும் முதியவர்கள் என ஆரம்பத் திறன் குறைந்தவர்களைத்தான் இந்தக் கோட்டைக் காட்டி அடுத்த ஆய்வுக்குச் சேர்ப்பார்கள். கோடு பொய்யாக இருந்தால் அவர்கள் நேரமும் நம்பிக்கையும்தான் போகும்.

எல்லோருக்கும் புரிய, ஆய்வு எப்படி நடக்கிறது என்று இரண்டு வரி. டிடிசிஎஸ் என்ற முறையில் தலையில் இரண்டு மின்முனைகளை வைத்து 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டத்தை 10, 20 நிமிடம் செலுத்துவார்கள். ஒப்பீட்டுக்கு ஷாம் உண்டு. அதில் மின்னோட்டம் அரை நிமிடம் போல ஓடிவிட்டு அணைந்துவிடும். தோலில் அதே குறுகுறுப்பு இருக்கும், ஆனால் முழுத் தூண்டல் நடக்காது. தூண்டலுக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு. இனி அறிகுறிகளுக்கு வருவோம். முதல் அறிகுறியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், மற்றவற்றில் பாதி அதிலிருந்து கிளைத்தவை.

## அறிகுறி: பேஸ்லைன் குறையக் குறைய முன்னேற்றம் கூடுகிறது

ஒரு பகடையை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது பேர் ஆளுக்கு இரண்டு முறை உருட்டட்டும். முதல் உருட்டலைப் பேஸ்லைன் என்றும், இரண்டாவதைத் தூண்டலுக்குப் பிந்தைய மதிப்பெண் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் முறை 1 விழுந்தவருக்கு இரண்டாம் முறை சராசரியாக 3.5 விழும். அவருக்கு 2.5 முன்னேற்றம். முதல் முறை 6 விழுந்தவருக்கும் இரண்டாம் முறை அதே 3.5 தான். அவருக்கு 2.5 சரிவு. இந்த முப்பது பேரை வரைபடத்தில் போட்டால் அந்தச் சிவப்புக் கோடு அப்படியே வந்துவிடும். ஒட்டுறவு, அதாவது இரண்டு எண்கள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று −1 முதல் +1 வரை சொல்லும் அளவு, −0.71 அளவில் இருக்கும். பகடைக்கு யாரும் மின்சாரம் கொடுக்கவில்லை.

காரணம் எளியது. செங்குத்து அச்சில் இருப்பது 'பின் கழித்தல் முன்'. கிடை அச்சில் இருப்பது 'முன்'. ஒரே எண் இரண்டு அச்சிலும் உட்கார்ந்திருக்கிறது, செங்குத்து அச்சில் கழித்தல் குறியோடு. ஒருவருக்கு அன்று காலை தூக்கம் சரியில்லை, அதனால் முன் மதிப்பெண் 5 குறைந்தது என்றால், அந்தப் புள்ளி இடப்பக்கம் 5 நகரும், அதே நேரம் மேலேயும் 5 நகரும். ஒவ்வொரு புள்ளியும் அந்தச் சாய்வுக் கோட்டின் திசையிலேயே சிதறும். அளவையில் பிசகு இருக்கும்வரை இந்தக் கோடு இருந்தே தீரும்.

எவ்வளவு இருக்கும் என்பதையும் கணக்கிடலாம். முன், பின் இரண்டின் திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) சமம், தூண்டலால் எந்த விளைவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 1-இலிருந்து முன்-பின் ஒட்டுறவைக் கழித்து, இரண்டால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்துக் கழித்தல் குறி போட்டால் அதுவே வெறும் கணக்கினால் வரும் ஒட்டுறவு. முன்-பின் ஒட்டுறவு 0.5 என்றால் −0.50. 0.7 என்றால் −0.39. 0.9 என்றால்கூட −0.22.

நடுவில் உள்ளதைக் கவனியுங்கள். நடத்தைத் தேர்வுகளில் 0.7 என்பது மோசமான எண்ணே அல்ல, பல தேர்வுகள் அதைவிடக் கீழே. 30 பேர் உள்ள ஆய்வில் 0.36-ஐத் தாண்டும் ஒட்டுறவுக்கு பி மதிப்பு, அதாவது தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு ஒட்டுறவு தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.05-க்குக் கீழே போய்விடும். வழக்கமாக அதையே 'பலன் உண்டு' என்று ஏற்றுக்கொள்வார்கள். அப்படியென்றால், ஒன்றுமே செய்யாத ஒரு தூண்டல் கருவியை வைத்து ஆய்வு நடத்தினாலும், இரண்டில் ஒரு முறைக்கு மேல் 'குறைந்தவர்களுக்கே அதிகப் பலன்' என்று முடிவு வரும். இதை முதல்முறை என் கையால் போட்டுப் பார்த்த அன்று, பல வருடம் முன்பு நான் ஒரு மாநாட்டில் வைத்த சுவரொட்டி நினைவுக்கு வந்தது. அதில் இருந்ததும் இதே கோடுதான். பழைய கோப்பைத் திறந்து ஷாம் குழுவுக்கும் போட்டேன். அங்கும் அதே சாய்வு.

சரி, எப்படிச் சோதிப்பது? முதலில் மென்பொருள்கூட வேண்டாம். முன், பின் திட்ட விலக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். குறைந்தவர்கள் உண்மையிலேயே அதிகம் முன்னேறியிருந்தால், அவர்கள் மேலே ஏறி மற்றவர்களோடு நெருங்கியிருப்பார்கள். கூட்டம் சுருங்கியிருக்கும். பின் திட்ட விலக்கம் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், யாரும் யாரையும் எட்டிப் பிடிக்கவில்லை. சிலர் மேலே போனார்கள், சிலர் கீழே வந்தார்கள், அவ்வளவுதான்.

இதையே முறையாகச் செய்வது புள்ளியியலாளர் ஓல்ட்ஹாமின் வழி. இரத்த அழுத்தத் தரவில் இதே சிக்கல் இருந்ததைப் பார்த்து 1962-இல் அவர் சொன்னது: வித்தியாசத்தை முன் மதிப்பெண்ணோடு ஒப்பிடாதீர்கள், முன்-பின் இரண்டின் சராசரியோடு ஒப்பிடுங்கள். சராசரியில் முன் மதிப்பெண்ணின் பிசகும் பின் மதிப்பெண்ணின் பிசகும் சமமாக இருப்பதால், வித்தியாசத்தில் ஒன்று கழித்தலாகவும் மற்றது கூட்டலாகவும் வந்து ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும்.

ஒரு கணக்கைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. 28 பேர். முன் திட்ட விலக்கம் 12, பின் திட்ட விலக்கம் 11, முன்-பின் ஒட்டுறவு 0.7. முன்னேற்றத்துக்கும் பேஸ்லைனுக்கும் இடையே ஒட்டுறவு −0.48 வரும், பி மதிப்பு 0.01 அளவில். கட்டுரை எழுதத் தூண்டும் எண். இப்போது அதே தரவில் பேஸ்லைனை எடுத்துவிட்டு முன்-பின் சராசரியை வையுங்கள். ஒட்டுறவு −0.12. பி மதிப்பு 0.5-க்கு மேல். அதே 28 பேர், அதே இரண்டு நெடுவரிசை. 12-க்கும் 11-க்கும் உள்ள வேறுபாடு மட்டும்தான் உண்மையில் அங்கே இருந்த செய்தி.

ஓல்ட்ஹாம் முறையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. தூண்டலுக்கு ஆளாளுக்கு வேறுவேறு விளைவு, அதற்கும் பேஸ்லைனுக்கும் சம்பந்தமில்லை என்றால், பின் திட்ட விலக்கம் தானாக விரியும். அப்போது இந்த முறை எதிர்த்திசையில் ஒரு பொய்யைச் சொல்லும். முன் மதிப்பெண்ணை வைத்தே ஆட்களை வடிகட்டிச் சேர்த்திருந்தாலும் அப்படித்தான், முன் பரவல் செயற்கையாகக் குறுகிவிடும். மூன்றாவது, கூரை, அதாவது மதிப்பெண் தாண்ட முடியாத மேல்வரம்பு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு தவறான மருந்தும் புழக்கத்தில் இருக்கிறது. பின் மதிப்பெண்களைக் கலைத்துப்போட்டு ஆயிரம் முறை ஒட்டுறவு கண்டு, 'தற்செயலாக வருவதைவிட எங்களுடையது வேறு' என்று காட்டுவது. கலைத்துப்போட்டதும் முன்-பின் ஒட்டுறவு பூஜ்யமாகிவிடும், ஒப்பீட்டு எண் −0.71 பக்கம் போய்விடும். உங்கள் ஆட்கள் பகடைகள் இல்லை, அவர்கள் முன்-பின் ஒட்டுறவு 0.7. ஒப்பிட வேண்டிய எண் −0.39.

## அறிகுறி: உண்மைத் தூண்டல் குழுவில் சாய்வு இருக்கிறது, ஷாம் குழுவைப் பார்க்கவே இல்லை

இதுதான் நான் அதிகம் பார்க்கும் குறை. சரிசெய்ய ஆகும் செலவும் மிகக் குறைவு. ஷாம் குழுவின் தரவு கையில் இருக்கும், சராசரி ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தியும் இருப்பார்கள். ஆனால் பேஸ்லைன் பற்றிய பத்தி வரும்போது ஷாம் காணாமல் போய்விடும்.

அளவைப் பிசகு இரண்டு குழுவிலும் ஒன்றுதான். அதனால் பிசகு உண்டாக்கும் சாய்வும் இரண்டிலும் ஒன்றுதான். முன்-பின் ஒட்டுறவு 0.7, பரவல்கள் சமம் என்றால் இரு குழுவிலும் சாய்வு, அதாவது முன் மதிப்பெண் 1 கூடினால் முன்னேற்றம் எவ்வளவு மாறும் என்பது, −0.3 வரும். தூண்டல் சேர்த்தது என்ன என்பது இரண்டு சாய்வுகளுக்கும் இடையிலான வித்தியாசத்தில் மட்டும் இருக்கிறது.

செய்ய வேண்டியது ஒரே ஒரு புள்ளியியல் மாதிரி (மாடல்). பின் மதிப்பெண்ணை விளக்கவேண்டிய மாறியாக வையுங்கள். முன் மதிப்பெண், குழு, இவ்விரண்டின் பெருக்கம் என மூன்றையும் விளக்கும் மாறிகளாகச் சேருங்கள். முன் மதிப்பெண்ணிலிருந்து மொத்தச் சராசரியைக் கழித்துவிட்டுச் சேர்த்தால் குழுவின் கெழு (அந்த மாறிக்கு மாதிரி தரும் எண்) படிக்க எளிதாக இருக்கும். பெருக்கத்தின் கெழுதான், அதாவது ஊடாட்டம்தான், உங்கள் கேள்விக்குப் பதில். பின் மதிப்பெண்ணுக்குப் பதில் வித்தியாசத்தை வைத்தாலும் அந்தக் கெழு இம்மியும் மாறாது, முன் மதிப்பெண்ணின் கெழு மட்டும் 1 குறையும். பலர் அந்த மாறிய கெழுவைப் பார்த்துத்தான் 'பேஸ்லைன் பலனைத் தீர்மானிக்கிறது, பி 0.001' என்று எழுதிவிடுகிறார்கள். அது இரு குழுவுக்கும் பொதுவான சாய்வு. தூண்டலைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

ஆட்களைச் சீட்டுப் போட்டுக் குழு பிரித்திருந்தால், முன் மதிப்பெண்ணில் உள்ள பிசகு இந்தப் பெருக்கக் கெழுவைச் சுருக்கும், இல்லாத ஒன்றை உண்டாக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் எப்போதும் முதலில் இதைத்தான் கேட்பேன்.

விலை ஒன்று உண்டு. சமமான இரண்டு உட்குழுக்களாகப் பார்த்தால், சராசரி விளைவின் அதே அளவுள்ள ஊடாட்டத்தைக் கண்டுபிடிக்கவே நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். 40 பேரை வைத்துச் சராசரி விளைவே தெரியாத ஆய்வில், ஊடாட்டம் தெரிந்தால் சந்தோஷப்படுவதைவிடச் சந்தேகப்படுவதுதான் முறை.

## அறிகுறி: பாதியாகப் பிரித்ததும் கீழ்ப்பாதியில் மட்டும் பலன் தெரிகிறது

இடைநிலை மதிப்பில் வெட்டி 'மெதுவானவர்கள்', 'வேகமானவர்கள்' என்று பெயர் வைத்துவிடுவார்கள். மெதுவானவர்களுக்கு பி 0.02, வேகமானவர்களுக்கு 0.4. ஆகவே மெதுவானவர்களுக்கே பலன், என்று முடிப்பார்கள்.

இதில் இரண்டு பிழை ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது. முதலாவது, சராசரியை நோக்கித் திரும்புதல். பிரிட்டிஷ் அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தில் பார்த்த அதே விஷயம். மிக உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரிப் பக்கம் திரும்பியிருந்தார்கள், மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகளும் அப்படியே. மதிப்பெண்ணிலும் இதுதான். மொத்தச் சராசரி 60, முன்-பின் ஒட்டுறவு 0.7 என்று வையுங்கள். கீழே இருக்கும் சிலரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், அவர்கள் சராசரி 45. அடுத்த தேர்வில் அவர்களிடம் எதிர்பார்க்க வேண்டியது 45 இல்லை, 49.5. யாரும் எதுவும் செய்யாமலே நாலரை மதிப்பெண் கூடும். ஏனென்றால் அந்த 45-இல் கொஞ்சம் அன்றைய துரதிர்ஷ்டமும் இருந்தது, அது மறுபடியும் அதே ஆட்களைப் பிடிக்க வேண்டும் என்றில்லை.

இரண்டாவது பிழை, ஒரு பக்கம் பி சிறியது, இன்னொரு பக்கம் பெரியது என்பதால் இரண்டும் வேறு என்று நினைப்பது. நியூவென்ஹாய்ஸ், ஃபோர்ஸ்ட்மன், வாகன்மேக்கர்ஸ் ஆகிய மூவரும் 2011-இல் முன்னணி இதழ்களில் வந்த 513 நரம்பியல் கட்டுரைகளைப் புரட்டினார்கள். இந்தத் தவறுக்கு வாய்ப்பிருந்தவை 157. அவற்றில் 78 சரியாகச் செய்திருந்தன, 79 தவறாக. பாதிக்குப் பாதி. அதனால் உங்களுக்கு இது நேர்ந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, திருத்திவிட்டால் போதும்.

திருத்தம் மேலே சொன்ன அதே மாதிரிதான், பேஸ்லைனை வெட்டாமல் தொடர் எண்ணாகவே வைத்து. வெட்டினால் இடைநிலைக்கு ஒரு புள்ளி மேலே இருப்பவரும் உச்சியில் இருப்பவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். அரும்பாடுபட்டுச் சேர்த்த தகவலை நாமே தூக்கிப்போடுவது அது.

## அறிகுறி: எந்த நாள் பேஸ்லைன் என்பதைப் பொறுத்துக் குறி மாறுகிறது

இது ஒரே ஆள் இரண்டு நாளும் வரும் ஆய்வுகளில் தெரியும். ஒருநாள் உண்மைத் தூண்டல், ஒருநாள் ஷாம். இரண்டு நாளும் முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு. பலன் என்பது உண்மை நாளின் முன்னேற்றத்திலிருந்து ஷாம் நாளின் முன்னேற்றத்தைக் கழித்தால் வருவது. ஷாமைக் கழித்தாகிவிட்டது, இனி பயமில்லை என்று தோன்றும்.

பேஸ்லைனாக உண்மை நாளின் முன் மதிப்பெண்ணை வையுங்கள், ஒட்டுறவு கீழ்நோக்கிச் சாயும். ஷாம் நாளின் முன் மதிப்பெண்ணை வையுங்கள், மேல்நோக்கிச் சாயும். ஒரே ஆட்கள், ஒரே பலன், பேஸ்லைன் மட்டும் செவ்வாய்க்குப் பதில் வியாழன். முதலாவதில் 'பலவீனமானவர்களுக்குப் பலன்' என்று ஒரு கட்டுரை, இரண்டாவதில் 'திறமைசாலிகளுக்குப் பலன்' என்று இன்னொரு கட்டுரை எழுதலாம். உங்கள் தரவில் இந்தக் குறி மாற்றம் தெரிந்தால் நோய் கண்டுபிடிபட்டுவிட்டது: உண்மை நாளின் முன் பிசகு பலனுக்குள் கழித்தலாக இருக்கிறது, ஷாம் நாளின் முன் பிசகு கூட்டலாக இருக்கிறது.

மருந்தும் அதற்குள்ளேயே இருக்கிறது. இரண்டு நாள் முன் மதிப்பெண்களின் சராசரியைப் பேஸ்லைனாக எடுங்கள். கழித்தலும் கூட்டலும் ஈடாகிவிடும், இரண்டு நாள் பிசகும் ஒரே அளவாக இருக்கும்வரை. இதைவிட நல்லது, முற்றிலும் வேறொரு நாளில் எடுத்த மூன்றாவது பேஸ்லைன். அந்த நாளின் தூக்கமோ காபியோ பலனுக்குள் எங்கும் நுழையாது.

ஆய்வே முடிந்துவிட்டது, மூன்றாம் நாளுக்கு வழியில்லை என்பவர்கள் முன் தேர்வின் கேள்விகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரிக்கலாம். ஒற்றைப்படையில் வந்த மதிப்பெண் பேஸ்லைனுக்கு, இரட்டைப்படையில் வந்தது வித்தியாசம் கணக்கிட. கேள்விக்குக் கேள்வி வரும் பிசகு இதில் பிரிந்துவிடும். அன்றைய நாளின் மனநிலை மட்டும் இரண்டு பாதியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். முழு நிவாரணம் இல்லை, ஆனால் இப்படிப் பிரித்ததுமே கோடு படுத்துவிட்டால் நிறையவே தெரிந்துகொண்டீர்கள்.

## அறிகுறி: வலது ஓரத்தில் புள்ளிகள் ஒரு சுவரில் முட்டியது போல நிற்கின்றன

கூரை விளைவு. 100-க்கு 96 வாங்கியவர் எவ்வளவு முயன்றாலும் 4-க்கு மேல் முன்னேற முடியாது. 55 வாங்கியவருக்கு இடம் கிடக்கிறது. வரைபடத்தில் வலப்பக்கப் புள்ளிகள் ஒரு நேரான சாய்வெல்லைக்கு மேல் போகாமல் நிற்கும். அந்த எல்லைக் கோட்டைப் பென்சிலால் வரைந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

இந்தச் சிக்கலின் பெரிய உதாரணம் பக்கவாத மீட்சி. கையின் இயக்கத்தை ஃபூகல்-மேயர் அளவையில் 66-க்கு மதிப்பிடுவார்கள். இழந்ததில் சுமார் 70 விழுக்காடு சில மாதங்களில் திரும்பிவிடும் என்ற விதி 2008-இலிருந்து பரவலாகப் பேசப்பட்டது. ஆரம்ப இழப்புக்கும் மீட்சிக்கும் அவ்வளவு உயர்ந்த ஒட்டுறவு கிடைத்ததால் பலருக்கும் அது இயற்கையின் விதி போலவே தோன்றியது. 2019-இல் ஹோப் குழுவினரும், தனியாக ஹாவே குழுவினரும், அந்த உயர்ந்த ஒட்டுறவில் பெரும்பங்கு கணக்கின் வேலையாக இருக்கலாம் என்று காட்டினார்கள்.

எப்படி என்று ஒரு எண்ணை வைத்துப் பாருங்கள். பலர் 66-ஐ நெருங்கிவிட்டதால் பின் பரவல் சுருங்கிவிட்டது. முன் திட்ட விலக்கம் 20, பின் 4 என்று வைப்போம். முன்னுக்கும் பின்னுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, ஒட்டுறவு பூஜ்யம் என்றும் வைப்போம். அப்போதும் முன் மதிப்பெண்ணுக்கும் மாற்றத்துக்கும் உள்ள ஒட்டுறவு −0.98. முன் மதிப்பெண்ணை வைத்து பின் மதிப்பெண்ணை ஊகிக்கவே முடியாத நிலையில், மாற்றத்தை மட்டும் கச்சிதமாக ஊகித்தது போல ஒரு தோற்றம். இதைப் படித்தபோது எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். எத்தனை குடும்பங்களிடம் அந்த 70-ஐச் சொல்லியிருப்பார்கள் என்ற நினைப்பு.

கூரை இருந்தால் ஓல்ட்ஹாம் முறையும் ஏமாறும், அதற்கும் கூட்டம் சுருங்கியதுதான் தெரியும், ஏன் சுருங்கியது என்று தெரியாது. சரியா தவறா என்ற விடைகள் உள்ள தேர்வானால் ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியாக வைத்து, விடை சரியாக வரும் வாய்ப்பைக் கணிக்கும் லாஜிஸ்டிக் மாதிரி போடுங்கள். புதிதாக ஆய்வு தொடங்குபவர்கள், ஆளுக்கேற்பக் கடினம் கூடிக் குறையும் தேர்வை வடிவமைத்தால் கூரையே வராது. எதிர்வினை நேரம் என்றால் கீழே ஒரு தரை உண்டு, மெதுவானவர்களின் பிசகும் பெரிதாக இருக்கும். மடக்கை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

## அறிகுறி: விழுக்காட்டு மாற்றம் சிலரில் பிரமாதம், சிலரில் தலைகீழ்

உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான மோட்டார் கார்டெக்ஸ் ஆய்வுகளில் இது வாடிக்கை. காந்தத் துடிப்பு கொடுத்துக் கைத்தசையில் எழும் மின் அலையின் உயரத்தை அளப்பார்கள். நிட்ஷேவும் பவுலஸும் 2000-இல் டிடிசிஎஸ் அந்த உயரத்தை 40 விழுக்காடு வரை மாற்றும் என்று காட்டியதிலிருந்து பின்னை முன்னால் வகுத்து எழுதுவது பழக்கமாகிவிட்டது.

அந்த அலை துடிப்புக்குத் துடிப்பு எவ்வளவு ஆடும் என்பது அதை அளந்தவர்களுக்குத் தெரியும். ஒருவரின் உண்மையான உயரம் 1 மில்லிவோல்ட். முன் அளவையில் தற்செயலாக 0.7 வந்தது, பின்னர் 1.0. விகிதம் 143 விழுக்காடு, 'தூண்டலுக்கு நன்றாக இணங்குகிறார்'. அதே ஆள், முன் அளவையில் தற்செயலாக 1.4, பின்னர் 1.0. விகிதம் 71 விழுக்காடு, 'எதிர்மாறாக வேலை செய்கிறது'. ஆள் மாறவே இல்லை. வகுத்தல் வழியாக வரும் இந்தப் போலி ஒட்டுறவைக் கார்ல் பியர்சன் 1897-லேயே எச்சரித்துவிட்டார்.

விகிதத்தைக் கைவிடுங்கள். மடக்கை எடுத்து, முன் அளவையை மாதிரிக்குள் ஒரு மாறியாகச் சேருங்கள். முன் அளவையை இரண்டு தனித் தொகுதியாக எடுப்பது இன்னும் நல்லது: ஒன்று பேஸ்லைனுக்கு, ஒன்று மாற்றத்தைக் கணக்கிட. இணங்குபவர், இணங்காதவர் என்று பிரிக்கும் முன், ஷாம் நாளிலும் எத்தனை பேர் 'இணங்கினார்கள்' என்று எண்ணிப் பாருங்கள்.

## அறிகுறி: கலப்பு விளைவு மாதிரியில் வெட்டுக்கும் சாய்வுக்கும் எதிர் ஒட்டுறவு

கொஞ்சம் முன்னேறியவர்களுக்கு. ஒவ்வொரு கேள்வியின் விடையையும் வைத்து மாதிரி போட்டால், ஆளுக்கு ஆள் வெட்டும் (இன்டர்செப்ட், நேரம் 0 எனும்போது வரும் மதிப்பு) சாய்வும் (நேரத்தோடு வரும் மாற்றம்) எப்படிச் சேர்ந்து மாறுகின்றன என்பதை மாதிரியே சொல்லும். கேள்விக்குக் கேள்வி வரும் பிசகு அங்கே தனியே பிரிக்கப்படுவதால் இது நல்ல வழி. ஆனால் நேரத்தை எப்படிக் குறியிட்டீர்கள் என்று பாருங்கள். முன் 0, பின் 1 என்றால் வெட்டு என்பது முன் மதிப்பெண். அன்றைய நாளின் பிசகு இன்னும் உள்ளே இருப்பதால் முதல் அறிகுறியின் சிக்கலே கொஞ்சம் மெலிந்த வடிவில் நிற்கிறது. −0.5, +0.5 என்று குறியிட்டால் வெட்டு முன்-பின் சராசரியாகிவிடும், ஓல்ட்ஹாம் முறைக்குச் சமம். ஒரே தரவு, குறியீடு மாறியதும் ஒட்டுறவு மாறும், சில நேரம் குறியே மாறும். மாதிரி தரும் தனிநபர் மதிப்பீடுகளை வெளியே எடுத்து மறுபடி ஒட்டுறவு போடுவதை மட்டும் தவிருங்கள். அவை ஏற்கெனவே சராசரிப் பக்கம் இழுக்கப்பட்டவை.

## அறிகுறி: ஒட்டுறவு பெரிது, ஆட்கள் குறைவு

20 பேர், ஒட்டுறவு −0.5. இதற்கு 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி −0.77 முதல் −0.07 வரை. அந்த அகலத்தையும் எழுதுங்கள், வாசிப்பவர் தாமே முடிவுசெய்துகொள்வார். துல்லியம், வேகம், ஞாபகம் என ஐந்து பேஸ்லைன்களைச் சோதித்து ஒன்றை மட்டும் எழுதியிருந்தால், அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்ற நிலையில் ஏதாவது ஒன்று தற்செயலாகத் தேறும் வாய்ப்பு 23 விழுக்காடு. ஐந்தையும் எழுதிவிடுங்கள்.

## எல்லாம் செய்த பிறகும் கோடு நிற்கிறது

நிற்கலாம். அது நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. மூளை அந்த நேரத்தில் இருக்கும் நிலையைப் பொறுத்துத் தூண்டலின் விளைவு மாறும் என்பதற்கு உடலியல் காரணங்கள் உண்டு. ஏற்கெனவே கிளர்ந்திருக்கும் செல்களுக்கும் அடங்கியிருக்கும் செல்களுக்கும் அதே மின்னோட்டம் ஒரே வேலையைச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. பேஸ்லைன் முக்கியமாக இருக்கக்கூடும் என்பதால்தான் அதை இவ்வளவு கவனமாக அளக்கச் சொல்கிறேன்.

ஷாம் குழுவின் சாய்வைவிட உங்கள் சாய்வு தெளிவாக அதிகம், பின் பரவல் சுருங்கியிருக்கிறது, கூரை இல்லை, ஒற்றைப்படை-இரட்டைப்படை பிரிப்பிலும் தாங்குகிறது என்றால், அடுத்த ஆய்வை அந்தக் கேள்விக்கென்றே வடிவமைக்கலாம். தூண்டல் நாளுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு தனி நாள் வைத்துப் பேஸ்லைன் எடுங்கள். தூண்டல் இல்லாமல் சிலருக்கு இரண்டு முறை தேர்வு வைத்து முன்-பின் ஒட்டுறவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்து, பலனே இல்லாத ஆயிரம் போலி ஆய்வுகளை ஆர் மென்பொருளிலோ பைத்தானிலோ உருவாக்கி, நீங்கள் போடப்போகும் அதே கணக்கை அவற்றில் போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை. ஆயிரத்தில் 50 சுற்றி 'பலன்' என்று வந்தால் உங்கள் கணக்கு சரி. 500 வந்தால் முதல் ஆளை வரவழைப்பதற்கு முன்பே அதைத் தெரிந்துகொண்டீர்கள்.